நாளொன்றுக்கு ஒரு பீடி

நுரையீரல் நிலையத்தின் வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை வைத்திருந்தார்கள். ‘முற்றிய புற்றுநோயிலும் இரண்டு ஆண்டுக்கு மேல் வாழ்வோர்: நூற்றுக்கு எண்பத்தொன்று’ என்று அதில் பொன்னிற எழுத்து மின்னியது. வசதியான நாட்டுக்காரர்களே இந்த எண்ணைக் கேட்டு வியந்ததாகக் கீழே சின்ன எழுத்தில் பெருமையும் பட்டிருந்தார்கள். வால்வுக்காரர் அக்காவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு பலகையை இரண்டு முறை வாசித்தார். நல்ல இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறோம் என்று அவருக்கு நெஞ்சு குளிர்ந்தது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இத்தனை பெரிய எழுத்தில் எழுதினால் யாருக்கும் குளிரத்தான் செய்யும்.

அவர் குடிநீர் வாரியத்து ஆள். நீளமான இரும்புச் சாவியைத் தெருக் குழிக்குள் விட்டுத் திருப்பி, முறை வைத்து ஒவ்வொரு தெருவுக்கும் தண்ணீர் திறந்துவிடுவது வேலை. முப்பது வருடம் அதைச் செய்ததில் உலகத்தைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருந்தது. சரியான பக்கம் திருப்பினால் எதுவும் திறக்கும். திறக்காவிட்டால் கொஞ்சம் எண்ணெய் விட்டு மறுபடி திருப்ப வேண்டும்.

அக்கா வேறு ரகம். ஊர் எல்லையில் லாரிகளை எடை போடும் மேடையில் இருபத்துநாலு வருடம் சீட்டு எழுதியவள். லாரி மேடைமேல் ஏறி நிற்கும், கண்ணாடி அறைக்குள் எண் விழும், விழுந்த எண்ணை எழுதுவாள். ஐம்பது கிலோ குறைத்து எழுதச் சொல்லிக் கெஞ்சியவர்களுக்கும், குத்திவிடுவேன் வெட்டிவிடுவேன் என்று மிரட்டியவர்களுக்கும் அவள் பேசாமல் அந்த எண்ணைத்தான் விரலால் காட்டுவாள். டிரைவர்கள் அவளுக்குத் தராசுக்காரி என்று பேர் வைத்தார்கள். பாதி கோபத்திலும் பாதி மரியாதையிலும் வைத்த பேர். அவளுக்கு அது பிடித்தும் இருந்தது.

இருமல் வந்து ஐந்து மாதமாகியிருந்தது. முதலில் பார்த்த டாக்டர் சளி என்றார். அடுத்தவர் காசநோய் என்று நாலு மாதம் மாத்திரை கொடுத்தார். அது முடிவதற்குள் அக்கா படுக்க முடியாதவளாகிவிட்டாள். மல்லாந்தால் மூச்சு முட்டியது. சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூக்கம். நிலையத்தில் படம் எடுத்து, முதுகில் ஊசி விட்டு நீர் எடுத்துப் பார்த்துவிட்டு, சின்ன டாக்டர் என்று எல்லோரும் கூப்பிடுகிற இளைஞர் இருவரையும் எதிரே உட்கார வைத்தார்.

“பொய் சொல்ல மாட்டேன்மா. முழுசா குணமாகாது. நாலாம் நிலை. ஆனா சொட்டு மருந்து ஒண்ணு இருக்கு, நரம்பு வழியா ஏத்துறது. பழைய மருந்துதான். மூணு வாரத்துக்கு ஒரு தடவை. பாதிப் பேருக்கு இருமலும் வலியும் நல்லாவே குறையுது. படுத்துத் தூங்கலாம். சில மாசம் கூடக் கிடைக்கும். சீக்கிரம் ஆரம்பிக்கணும், அவ்வளவுதான்.”

அக்காவுக்கு அவரைப் பிடித்துப்போனது. எண் விழுந்தது விழுந்தபடி சொல்கிறவர்களை அவளுக்கு எப்போதும் பிடிக்கும். படுத்துத் தூங்கினால் போதும், மற்றதெல்லாம் அப்புறம் என்றாள். மருந்து கீழே கிடங்கிலேயே இருக்கிறது என்றும், நோயாளியாகப் பதிவு செய்துவிட்டால் அடுத்த வாரமே ஏற்றிவிடலாம் என்றும் சின்ன டாக்டர் சொன்னார். அவருக்கு வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. இல்லாவிட்டால் அப்படி ஒரு வார்த்தை வாயில் வந்திருக்காது.

ஏனென்றால் அந்த நிலையத்துக்குள் கால் வைத்ததுமே யாரும் நோயாளி ஆகிவிட முடியாது. வருகிறவர்கள் எல்லோரும் ‘வருகையாளர்’. இருமிக்கொண்டு வந்தாலும், ரத்தம் துப்பிக்கொண்டு வந்தாலும், தள்ளுவண்டியில் வந்தாலும் வருகையாளர்தான். முதல் சொட்டு உடம்புக்குள் இறங்குகிற அந்த நிமிடத்தில்தான் ஒருவர் நோயாளி என்ற தகுதியை அடைகிறார். வருகையாளருக்குக் காய்ச்சல் மாத்திரை உண்டு. வலிக்கான பெரிய மாத்திரை நோயாளிக்கு மட்டும். அக்காவுக்கு வலி இருந்தது, தகுதி இல்லை.

ஒன்பதாம் எண் ஜன்னலில் பதிவு எழுத்தர் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். வெளிநாட்டு உதவியோடு வந்த படிவம் என்று பெருமையாகச் சொல்லித்தான் ஆரம்பித்தார். நூற்றுப் பன்னிரண்டு கேள்விகள். வீட்டில் எத்தனை கார்கள், படுக்கையறைக்குள் நாய் வருமா, பனியில் சறுக்கி விளையாடும் வழக்கம் உண்டா என்றெல்லாம் கேட்டார். அக்கா ஒவ்வொன்றுக்கும் யோசித்து, மூச்சு வாங்கி, உண்மையான பதிலைச் சொன்னாள். லாரிப் புகையில் எத்தனை வருடம் உட்கார்ந்திருந்தாள் என்று படிவம் கேட்கவில்லை. நாற்பத்தோராம் கேள்வி, ஒரு நாளைக்கு எத்தனை பீடி அல்லது சிகரெட் என்பது.

அக்கா ஒன்றுமில்லை என்றாள். எழுத்தர் தட்டினார். கணினி கீச்சென்றது. மறுபடி தட்டினார், மறுபடி கீச்சென்றது.

“பூஜ்யம் எடுத்துக்க மாட்டேங்குதும்மா. இதுல ஒண்ணுலேருந்துதான் ஆரம்பிக்குது.”

விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாமே என்று வால்வுக்காரர் கேட்டார். விட்டால் பக்கம் நகராதாம். ஏன் பூஜ்யம் வைக்கவில்லை என்று கேட்டதற்கு, இது நுரையீரல் புற்றுநோய்ப் படிவம், பிடிக்காதவர்கள் இங்கே எதற்கு வரப்போகிறார்கள் என்று எழுதினவர்கள் நினைத்திருப்பார்கள் என்று எழுத்தர் விளக்கினார். அவர் நல்ல மனிதர்தான். விளக்கும்போது அவர் முகத்தில் இரக்கம் கூட இருந்தது. பின்னால் வரிசையில் நாற்பது பேர் நின்றுகொண்டு, ஆளுக்கு ஒரு சுருதியில் இருமிக்கொண்டிருந்தார்கள்.

“சும்மா ஒண்ணுன்னு போட்டுக்குங்க” என்றார் வால்வுக்காரர்.

“எதுக்கு? நான்தான் பிடிக்கலியே” என்றாள் அக்கா.

“கம்ப்யூட்டருக்குத்தானேக்கா. யாரு பாக்கப் போறா.”

அவள் தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். மூச்சு இருந்திருந்தால் இன்னும் நாலு வார்த்தை சொல்லியிருப்பாள். எழுத்தர் ஒன்று என்று தட்ட, பக்கம் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. எண்ணெய் விட்டுத் திருப்பியாயிற்று என்று வால்வுக்காரர் நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பை அவர் அப்புறம் வாழ்நாள் முழுக்க நொந்துகொண்டார்.

கடைசியில் அட்டை ஒன்று அச்சாகி வந்தது. வருகையாளர், எண் 4417, பெண், வயது ஐம்பத்தாறு, புகைப்பவர். புகைப்பவர் என்பதற்குக் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு அர்த்தம் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. புகைப்பவர்கள் ஆறு வாரப் புகை நிறுத்த வகுப்பை முடித்துச் சான்றிதழ் வாங்கினால்தான் சொட்டு மருந்து. புகைப்பவருக்கு மருந்து ஏற்றினால் மருந்து வீணாகும் என்பது நிலையத்தின் கொள்கை. அப்படியானால் அந்த ஒன்றை அழித்துவிடுங்கள் என்று வால்வுக்காரர் பதறினார். அழிக்க எழுத்தருக்கு அதிகாரமில்லை. ஒருவருடைய கடந்தகாலத்தை மாற்ற வரலாற்றுத் திருத்தக் குழு என்று ஒன்று இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும், போன வாரம்தான் கூடிக் கலைந்தது. மூன்று மாதம் பெரிதா, ஆறு வாரம் பெரிதா என்று வால்வுக்காரர் அந்த ஜன்னலோரமாகவே கணக்குப் போட்டார். வகுப்பே கிட்டத்தில் தெரிந்தது.

வகுப்பு மூன்றாம் மாடியில் நடந்தது. மின்தூக்கி நோயாளிகளுக்கு மட்டும். அக்கா ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினாள். உள்ளே கண்ணாடிப் பெட்டியில் கருகிப்போன நுரையீரல் பொம்மை ஒன்றும், சுற்றி ஏழு ஆண்களும் இருந்தார்கள். ஆலோசகர் பஞ்சு போலப் பேசுகிறவர். யாரையும் கடிந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். ஆறு வாரத்துக்கு ஆறு படிகள் என்றும், மறுப்பு, ஏற்பு, வருத்தம், உறுதி, சோதனை, விடுதலை என்ற வரிசையில் ஒவ்வொருவரும் ஏறியாக வேண்டும் என்றும், எந்தப் படியையும் தாண்டிக் குதிக்க முடியாது என்றும் இனிமையாகச் சொன்னார். பிறகு ஒவ்வொருவரையும் கடைசியாகப் பிடித்த பீடியைப் பற்றிப் பேசச் சொன்னார்.

அக்கா முறை வந்தபோது, நான் பிடித்ததே இல்லை என்றாள்.

ஆலோசகர் புன்னகை செய்தார். எல்லோரும் இங்கேதான் ஆரம்பிக்கிறார்கள் என்றார். அவள் பேருக்கு எதிரே ‘மறுப்பு’ என்று எழுதினார். இரண்டாம் வாரமும் அதே கேள்வி, அதே பதில், அதே புன்னகை. உண்மையில் பீடி பிடித்தவர்களெல்லாம் விறுவிறுவென்று மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள். விடுவதற்கு அவர்களிடம் ஏதோ இருந்தது. இவளிடம் விடுவதற்கு ஒன்றுமில்லாததால் அடிப்படியிலேயே நின்றாள்.

வகுப்பில் ஒரு மீசைக்காரர் இருந்தார். லாரி டிரைவர். மேடையில் அவளிடம் நூறு தடவையாவது வாதாடித் தோற்றவர். அவர் எழுந்து நின்று, இந்தம்மாவை இருபது வருடமாகத் தெரியும், பீடி கையில் பார்த்ததே இல்லை, பக்கத்தில் யாராவது பிடித்தால் ஜன்னலைச் சாத்துவார் என்று சாட்சி சொன்னார். ஆலோசகர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். “ரொம்ப நல்லா மறைச்சிருக்காங்க” என்று குறிப்பேட்டில் ஒரு வரி சேர்த்தார். அப்புறம் வால்வுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, அடுத்த வாரமும் மறுப்பிலேயே இருந்தால் மறுபடி முதல் வாரத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும் என்று பரிவோடு சொல்லி அனுப்பினார்.

அதற்குள் சின்ன டாக்டர் தன் பங்குக்கு ஒன்று செய்து பார்த்தார். நோயாளி புகைப்பவர் அல்லர், உடனே மருந்து ஏற்ற அனுமதிக்க வேண்டும் என்று மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். நாலே நாளில் பதில் வந்தது. வருகையாளர் ஒருவரை ‘நோயாளி’ என்று எழுத்துமூலம் குறிப்பிட்டது ஏன் என்று அவரிடம் விளக்கம் கேட்டிருந்தார்கள். கிடங்கில் இருக்கிற மருந்துக்கு வரும் மாதத்தோடு கெடு முடிகிறது என்று அவர் வால்வுக்காரரிடம் மெல்லச் சொன்னார். ஏற்றிக்கொள்ள ஆளில்லாமல் காலாவதியாகிறதாம். வெளியே வரிசை வாசல்வரை நின்றது.

மூன்றாம் வார வகுப்புக்கு முன், மாடிப்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அக்காவுக்கு மீசைக்காரர் பாடம் நடத்தினார். எந்த நேரத்தில் பிடித்ததாகச் சொல்வது, தீக்குச்சியை எப்படி மறைத்துக் கிழிப்பது, வாசனை போக எதை மெல்வது. சும்மா பிடித்தேன் என்றால் நம்ப மாட்டார்கள், விவரம் வேண்டும் என்றார். அக்கா தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். வால்வுக்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். சொட்டு ஏறினால் படுத்துத் தூங்கலாம்க்கா என்று மட்டும் சொன்னார். வேறென்ன சொல்லியிருந்தாலும் அவள் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பாள்.

“தினம் ஒண்ணு” என்றாள் வகுப்பில். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. “மத்தியானம் மூணு மணிக்கு. அப்போ லாரி குறைவா வரும். எடை அறைக்குப் பின்னால நின்னு பிடிப்பேன். முடிச்சிட்டுக் கை கழுவுவேன்.”

ஏழு ஆண்களும் கைதட்டினார்கள். ஆலோசகருக்குக் கண் கலங்கியே விட்டது. இத்தனை வருடச் சுமையை இறக்கி வைத்துவிட்டீர்கள் அம்மா என்றார். அவள் ஒரே நாளில் மறுப்பு, ஏற்பு, வருத்தம் என்று மூன்று படிகளைத் தாண்டிவிட்டதாக அறிவித்தார். ஆகவே தாண்டிக் குதிக்கவும் முடியும் என்று தெரிந்தது. வீட்டுக்குப் போகும் ஆட்டோவில் அக்கா வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். பாதி வழியில், “இருபத்துநாலு வருஷம் ஒரு கிலோ கூட மாத்தி எழுதலடா” என்றாள். அவமானம் அவளுக்கு, ஆனால் அதை வாங்கிக் கொடுத்தது தான்தான் என்று வால்வுக்காரருக்குத் தெரியும்.

நாலாம் வாரம் ஒரு கருவி வந்தது. அதன் குழாயில் தொடர்ந்து பதினைந்து விநாடி ஊதினால், உள்ளே புகை மிச்சமிருக்கிறதா என்று காட்டிக்கொடுக்கும். அக்கா மூன்று விநாடி ஊதினாள். கருவி அலறியது. மறுபடி ஊதச் சொன்னார்கள். இரண்டு விநாடி. மூன்றாம் முறை ஊதி முடித்தபோது உதடு நீலம் பாய்ந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். ஒத்துழைப்புக் குறைவு என்று ஆலோசகர் வருத்தத்தோடு எழுதப் போனார். அப்போதுதான் படிவத்தின் ஓரத்தில் ‘உறவினர் உதவியோடு’ என்று ஒரு கட்டம் இருப்பது அவர் கண்ணில் பட்டது. முகம் மலர்ந்தது. வால்வுக்காரர் குழாயை வாங்கிப் பதினைந்து விநாடி ஊதினார். கருவி பச்சை விளக்கைக் காட்டியது. தம்பியின் நுரையீரல் சுத்தமாக இருந்ததால் அக்கா தேறினாள்.

ஐந்தாம் வாரம் மீசைக்காரர் வரவில்லை. அவர் மனைவி படியேறி வந்து அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். ஆலோசகர் அவர் பேருக்கு எதிரே ‘பாதியில் விலகினார், மன உறுதி போதவில்லை’ என்று எழுதினார். அந்த அம்மாள் வகிட்டையும் கழுத்தையும் யாரும் நிமிர்ந்து பார்த்த மாதிரி தெரியவில்லை. அக்கா பார்த்தாள். பார்த்துவிட்டு, அந்த வாரம் கேட்ட கேள்விக்கெல்லாம் ஒழுங்காகப் பொய் சொன்னாள்.

ஆறாம் வாரம் வால்வுக்காரரும் ஆட்டோக்காரரும் அவளை நாற்காலியோடு மூன்று மாடி தூக்கிப் போனார்கள். விடுதலைச் சான்றிதழ் கிடைத்தது. கூடவே தேதியும் கிடைத்தது. வரும் திங்கட்கிழமை காலை எட்டு மணி, நாலாம் எண் நாற்காலி, மருந்து ஏறி முடிய நாலு மணி நேரம் ஆகும், தண்ணீர் பாட்டில் கொண்டுவரவும். வால்வுக்காரர் அந்தச் சீட்டை அன்றைக்கு எத்தனை பேரிடம் காட்டினார் என்று கணக்கில்லை. தண்ணீர் திறக்கப் போன தெருவில் எல்லாம் காட்டினார்.

அக்கா செவ்வாய்க்கிழமை அவரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். பேச்சு துண்டு துண்டாகத்தான் வந்தது. “மருந்து ஏறினதும்... அந்த நம்பரை மாத்தச் சொல்லிடு. தப்பா இருக்கக் கூடாது.” கண்டிப்பாக மாற்றிவிடலாம் என்று வாக்குக் கொடுத்தார். வியாழக்கிழமை காலை அவர் தண்ணீர் திறந்துவிட்டு வீடு திரும்பியபோது, அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே போயிருந்தாள். கிடத்துவதற்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் உதவினார்கள். பல மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் மல்லாந்து படுத்தாள். வால்வுக்காரர் சாவியைக் கீழே போட்டுவிட்டு, ஐம்பது வயதுக்கு மேல் ஒரு ஆள் அழக்கூடாத அளவுக்கு அழுதார்.

சனிக்கிழமை நிலையத்திலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவர் விழா அலுவலர். திங்கட்கிழமை வெளிநாட்டு நிபுணர் குழு வருகிறது என்றும், வகுப்பின் சிறந்த வெற்றியாளராக 4417 தேர்வாகியிருக்கிறார் என்றும், பத்து மணிக்கு மேடைக்கு அழைத்து வரவேண்டும் என்றும் மூச்சுவிடாமல் சொன்னார்.

“அவங்க வியாழக்கிழமை இறந்துட்டாங்க.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் காகிதம் புரளும் சத்தம். “அப்ப நீங்க வாங்க சார். உறவினர் உதவியோடன்னு கட்டம் இருக்கு. ஒரே ஒரு விஷயம் மட்டும் உறுதிப்படுத்திக்கிறேன். இனிமே அவங்க பிடிக்க மாட்டாங்க, இல்லையா?”

“மாட்டாங்க.”

“நிரந்தர நிறுத்தம்னு போட்டுக்கிறேன்” என்றார் அலுவலர். குரலில் திருப்தி தெரிந்தது.

அந்த எண்ணை மாற்றச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் வால்வுக்காரர் போனார். அரங்கத்தில் முன்வரிசையில் காதுக்கருவி மாட்டிய நிபுணர்கள் அமர்ந்திருந்தார்கள். அவர்கள் கருவிக்குள் யாரோ ஒருவர் எல்லாவற்றையும் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். இயக்குநர் எழுந்தார். நல்ல உயரம், கணீரென்ற குரல், கையில் குறிப்புக் காகிதம் கூடக் கிடையாது.

“வளரும் நாடுகளில் புற்றுநோயாளிகள் தாமதமாக வருகிறார்கள் என்பது உலகம் முழுவதும் சொல்லப்படும் குறை. நாங்கள் அதைக் குறையாகப் பார்க்கவில்லை. அவர்களை மேலும் ஆறு வாரம் தாமதப்படுத்திப் பார்த்தோம். முடிவுகள் பிரமாதம். நோய் மிக முற்றியவர்கள் தாங்களாகவே விலகிக்கொள்கிறார்கள். யாரையும் நாங்கள் திருப்பி அனுப்பியதில்லை என்பதை இங்கே அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். எஞ்சியவர்களுக்கு உலகத் தரத்தில் சிகிச்சை தருகிறோம். இதுவரை பதினொரு நோயாளிகள். அவர்களில் ஒன்பது பேர் இரண்டு ஆண்டுகளைக் கடந்துவிட்டார்கள். நூற்றுக்கு எண்பத்தொன்று!”

ஒரு நிபுணர் கையைத் தூக்கி, வந்து பார்த்தவர்கள் மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டார். இயக்குநர் பெருந்தன்மையாகச் சிரித்தார்.

“வருகையாளர்களை நாங்கள் எண்ணுவதில்லை. கடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்களை எந்தக் கடைக்காரர் எண்ணுகிறார்? எண்ணாததால் எங்களுக்கு மிச்சமாகும் நேரம் முழுவதையும் நோயாளிகளுக்குச் செலவிடுகிறோம்.”

வாசலில் இருந்த பொன்னெழுத்துப் பலகை என்ன சொன்னது என்று வால்வுக்காரருக்கு அப்போதுதான் விளங்கியது. மேடைக்குக் கூப்பிட்டார்கள். கண்ணாடி போட்ட சான்றிதழைக் கையில் கொடுத்து, அக்காவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். அவர் ஒலிபெருக்கியை வாய்க்கு நேராக இழுத்துக்கொண்டார்.

“எங்க அக்கா பீடி பிடிச்சதே இல்லைங்க. நான்தான் ஒண்ணுன்னு போடச் சொன்னேன். அத மாத்திடுங்க.”

இயக்குநர் ஒலிபெருக்கியை மென்மையாக வாங்கிக்கொண்டார். “கவனித்தீர்களா? இதுதான் எங்கள் வகுப்பின் வெற்றி. அவர் புகைத்த நினைவே குடும்பத்தில் இல்லாமல் செய்துவிட்டோம்.” கைதட்டல் கூரையைப் பிளந்தது. கையிலிருந்த சான்றிதழை எங்கே போடுவது என்று தெரியாமல் வால்வுக்காரர் மேடையில் நின்றார்.

பிறகு எல்லோரும் சொட்டு மருந்து அறையைப் பார்க்கப் புறப்பட்டார்கள். குளிரூட்டிய பெரிய அறை. சாய்வு நாற்காலிகள் பன்னிரண்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மருந்துப் பை மாட்டும் கம்பி. பன்னிரண்டும் காலி. அன்றைக்குப் பட்டியலில் இருந்தது ஒரே ஒரு பேர்தான். காலி நாற்காலிகள் படத்தில் நன்றாக இருக்காது என்று விழா அலுவலருக்குக் கவலை பிடித்துக்கொண்டது. வராந்தாவில் இருந்த உறவினர்கள், துப்புரவு ஆட்கள் எல்லோரையும் பத்தே நிமிடம் என்று சொல்லி உள்ளே இழுத்து வந்து உட்கார வைத்தார். நிஜமாகவே இருமிக்கொண்டிருந்த வருகையாளர்கள் வேண்டாம், படம் எடுக்கும்போது அசைவார்கள் என்று அவர்களை விட்டுவிட்டார்.

வால்வுக்காரரையும் பிடித்து உட்காரச் சொன்னார்கள். அவர் நாலாம் எண் நாற்காலியைத் தேடிப்போய் உட்கார்ந்தார். கைப்பிடியில் 4417 என்று சீட்டு ஒட்டியிருந்தது. நர்ஸம்மா அவர் சட்டைக் கையை மடித்து, ஊசியில்லாத குழாய் ஒன்றைப் பிளாஸ்திரியால் ஒட்டி, பக்கத்திலிருந்த பிடியை அழுத்தினாள். நாற்காலி சத்தமில்லாமல் பின்னால் சாய்ந்து, முதுகைத் தாங்கி, கால்களை மேலே தூக்கியது. முக்கால்வாசி படுத்த நிலை. இதில் அவளுக்கு மூச்சு முட்டியிருக்காது. இதில் அவள் தூங்கியிருப்பாள். அது தெரிந்ததும் அவருக்குக் கண்ணீர் காதுப்பக்கமாக வழிந்தது. நிபுணர் ஒருவர் குனிந்து அவர் தோளைத் தட்டி ஏதோ ஆறுதல் சொன்னார். படம் எடுத்தார்கள். அந்தப் படம் மிக நன்றாக வந்ததாகப் பிற்பாடு சொன்னார்கள்.

நிபுணர்கள் சாப்பிடப் போனதும் மற்றவர்கள் குழாயைப் பிய்த்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். வால்வுக்காரர் எழுந்திருக்கவில்லை. முடிந்தது சார், எழுந்திருங்கள் என்று விழா அலுவலர் இரண்டு முறை சொன்னார். மூன்றாம் முறை கொஞ்சம் குரலை உயர்த்தினார்.

“இன்னிக்குத் திங்கக்கிழமை” என்றார் வால்வுக்காரர். கண்ணைத் திறக்கவில்லை. “இது எங்க அக்காவோட நாற்காலி. நாலு மணி நேரம்னு சீட்டுல போட்டிருக்கு. ஊதும்போது உறவினர் உதவியோடன்னீங்க. இதுக்கும் அப்படியே போட்டுக்குங்க. நேரம் முடிஞ்சதும் போயிடறேன்.”

அலுவலர் காவலாளியைக் கூப்பிட்டார். காவலாளி சின்ன டாக்டரைக் கூட்டி வந்தார். சின்ன டாக்டர் பட்டியலை எடுத்துப் பார்த்தார். நாலாம் எண் நாற்காலி 4417க்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்றும், ரத்து என்று எங்கும் எழுதவில்லை என்றும் அலுவலரிடம் காட்டினார். அவருக்கு எதிராக ஏற்கெனவே ஒரு விளக்கம் கேட்கும் கடிதம் நிலுவையில் இருந்தது. இன்னொன்று வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு முக்காலியை இழுத்து நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அலுவலர் விதிப்புத்தகம் தேடிப் போனார்.

அறையில் வேறு யாரும் இல்லை. கதவுக்கு வெளியே வரிசை இருமிக்கொண்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று இருபது. மூன்று இருபதுக்கு எழுந்துகொள்வதாக வால்வுக்காரர் சொல்லியிருந்தார்.